இரண்டு கிராமுக்கு இரண்டே வழி

கால் பவுண் என்றால் நம் வீடுகளில் எல்லோருக்கும் விளங்கும். ஒரு பவுண் எட்டுக் கிராம், கால் பவுண் இரண்டு கிராம். சின்னப் பிள்ளைக்குப் போடுகிற ஒரு சோடித் தோட்டின் எடை. அந்த எடைக்குச் சுத்தமான ஹெரோயின் ஒருவரிடம் இருந்தது என்று மேல் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டால், இலங்கைச் சட்டம் நீதிபதிக்கு இரண்டே இரண்டு வழிகளைத்தான் விட்டு வைத்திருக்கிறது. ஒன்று மரண தண்டனை, மற்றது ஆயுள் சிறை. இடையில் ஒன்றும் கிடையாது.

இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். நம்புகிறவர்களிலும் பாதிப் பேர், "நல்லந்தானே சேர், தூக்குல போட்டாத்தான் இவனுகள் திருந்துவானுகள்" என்பார்கள். அந்தக் கோபத்தை நான் லேசாக எடுக்கவில்லை. வெருகலில் இருந்து தோப்பூர், மூதூர், கிண்ணியா வரைக்கும் போனால், வீட்டுச் சாமானை விற்றுக் குடுவும் ஐஸும் வாங்கும் மகனைப் பெற்ற உம்மாமார் எத்தனையோ பேர். அம்மாமாரும் அப்படித்தான், இந்த விஷயத்தில் சமயம் பார்த்து வருவதில்லை கேடு. ஆனால் கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், கையிலிருக்கிற சட்டம் என்ன சொல்கிறது, அது யாரைப் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு கோபப்படுவது நல்லது.

சட்டத்தின் பெயர் நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் காலத்தது, 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கம். அதில் மரண தண்டனை புகுந்தது 1984இல், 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் வழியாக. ஹெரோயின் இந்த நாட்டுக்குள் பரவத் தொடங்கியிருந்த காலம் அது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அதே ஆண்டில்தான் சட்டத்தால் அமைக்கப்பட்டது. திருத்தத்தோடு ஓர் அட்டவணை சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிறை, நிறைக்கு ஏற்ற தண்டனை. ஹெரோயின் 2 கிராம், கொக்கெய்ன் 2 கிராம், மோர்பின் 3 கிராம், அபின் 500 கிராம். அந்த நிறையை எட்டினால் மரணம் அல்லது ஆயுள் சிறை. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம் ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைனையும் இந்த வரிசையில் சேர்த்தது. அதற்கு 5 கிராம்.

இங்கே கவனிக்க வேண்டியது சட்டத்தின் 54அ பிரிவு. கடத்தியவனும் சரி, இறக்குமதி செய்தவனும் சரி, வெறுமனே வைத்திருந்தவனும் சரி, எல்லோருக்கும் ஒரே அட்டவணைதான். கடத்தல் என்ற சொல்லுக்கு நாம் நினைக்கிற பொருளும் சட்டத்தில் உள்ள பொருளும் ஒன்றல்ல. நமக்குக் கடத்தல் என்றால் நடுக்கடலில் வள்ளம், மூட்டை, வெளிநாட்டுக் காசு. சட்டத்தில் விற்பது மட்டுமல்ல, கொடுப்பது, களஞ்சியப்படுத்துவது, கொண்டுபோவது, அனுப்புவது எல்லாமே கடத்தல். கூட்டாளிக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தவனும் கடத்தல்காரன்தான்.

2019 பெப்ரவரியில் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரே இடத்தில் 294 கிலோ ஹெரோயின் பிடிபட்டது. அந்த 294 கிலோவுக்கும், சட்டைப் பைக்குள் இருந்த 2 கிராமுக்கும் அட்டவணையில் ஒரே கட்டம். எடை பார்த்துத் தண்டனை கொடுப்பதாகச் சொல்லும் சட்டம், இரண்டு கிராமுக்கு மேலே போனதும் எடை பார்ப்பதையே விட்டுவிடுகிறது.

நிறை என்றால் எந்த நிறை என்பதும் முக்கியம். தெருவில் விற்கப்படும் தூள் கலப்படம். பொலிஸ் கைப்பற்றியதைப் பொதி செய்து முத்திரையிட்டு, பத்தரமுல்லை பெலவத்தையில் உள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்புகிறது. அங்கே சோதித்து, இதில் இவ்வளவு சுத்தமான ஹெரோயின் என்று அறிக்கை தருகிறார்கள். பத்துக் கிராம் தூளில் ஐந்தில் ஒரு பங்குதான் ஹெரோயின் என்றால் வழக்குக்குரிய நிறை 2 கிராம். ஒரு மனிதன் தூக்கா, இல்லையா என்பது அந்தத் தாளில் தசமப் புள்ளிக்குப் பின்னால் வருகிற இலக்கத்தில் தொங்கிக் கொண்டிருக்கிறது. 1.9 என்றால் ஒரு வாழ்க்கை, 2.1 என்றால் வேறொரு வாழ்க்கை. ஆள் அதே ஆள்தான், செய்ததும் அதேதான்.

அந்தத் தாள் வரும்வரை ஆள் விளக்கமறியலில். இந்தப் பிரிவுகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீதவான் பிணை கொடுக்க முடியாது. விதிவிலக்கான சூழ்நிலை இருக்கிறது என்று மேல் நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். 2022 திருத்தத்துக்குப் பிறகு, மரணமோ ஆயுளோ விதிக்கத்தக்க வழக்கில் சுத்த நிறை 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் மேல் நீதிமன்றமும் போதாது, கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம்தான் பிணை தர முடியும்.

வெருகலில் இருந்து இதை நினைத்துப் பாருங்கள். நீதவான் நீதிமன்றம் மூதூரில். மேல் நீதிமன்றம் திருகோணமலையில். அதற்கும் மேல் என்றால் கொழும்பு, இரவு பஸ். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் கூலி போகும், சட்டத்தரணிக்குக் காசு, மறியலில் பார்க்கப் போகும்போது சாப்பாட்டுப் பார்சல். வயலும் மீன்பிடியும் கூலி வேலையுமாக இருக்கிற குடும்பம் இதற்கு எங்கே போகும்? தோட்டைக் கழற்றி அடைவு வைப்பார்கள். கால் பவுண் அங்கேயும் வந்து நிற்கிறது. காசுள்ளவன் கொழும்பில் பெரிய சட்டத்தரணியைப் பிடிக்கிறான், விதிவிலக்கான சூழ்நிலையைக் கண்டுபிடித்துக் கொடுக்க அவனுக்கு ஆள் இருக்கிறது. அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்றே தெரியாத குடும்பத்துப் பிள்ளை உள்ளேயே கிடக்கிறான்.

இனி மரண தண்டனைக்கு வருவோம். இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூன் 23. போதைப்பொருளுக்கு மரண தண்டனை சட்டமானது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து. அதாவது இந்தச் சட்டத்தின் கீழ் இன்றுவரை ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை. நாற்பது ஆண்டுகளாக நீதிபதிகள் எழுந்து நின்று மரண தண்டனைத் தீர்ப்பை வாசிக்கிறார்கள், தீர்க்கப்பட்டவர் சிறையில் வயதாகிக் கொண்டிருக்கிறார்.

இதை மாற்ற ஒரு முறை முயற்சி நடந்தது. 2019இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிலிப்பைன்ஸ் போய் துத்தர்த்தேயின் போதைப்பொருள் யுத்தத்தைப் பாராட்டிவிட்டு வந்தவர், தூக்குப் போடுவதற்கு ஆள் தேவை என்று விளம்பரம் கொடுக்க வைத்தார். ஜூன் மாதம், போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் மரண ஆணையில் கையெழுத்திட்டுவிட்டதாக அறிவித்தார். ஜூலை 5ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2022 ஓகஸ்ட்டில், அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மரண ஆணைகளில் கையெழுத்திட மாட்டார் என்று சட்டமா அதிபர் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். அதே ஆண்டு நவம்பரில்தான் ஐஸுக்கும் மரண தண்டனை என்று பாராளுமன்றம் சட்டம் செய்தது. நிறைவேற்ற மாட்டோம் என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டு, மூன்று மாதத்தில் அதே தண்டனையை இன்னொரு பொருளுக்கு நீட்டுவதன் பொருள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தண்டனை பயம் காட்டும் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். 1984இலிருந்து பயம் காட்டிக் கொண்டுதான் இருக்கிறோம். அன்று கொழும்புப் பக்கத்தில் இருந்த தூள் இன்று வெருகல் வரைக்கும் வந்துவிட்டது. 2020இல் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகத்து அதிகாரிகள் சிலரே, கைப்பற்றிய ஹெரோயினை விற்றார்கள் என்ற குற்றச்சாட்டில் கைதானார்கள். சட்டத்தை நன்றாகத் தெரிந்தவர்களையே அது பயம் காட்டவில்லை.

சட்டம் நிரப்பியது சிறைச்சாலையை. சுமார் 12,000 பேருக்கென்று கட்டப்பட்ட நம் சிறைகளில் அண்மைய ஆண்டுகளில் அதன் இரண்டு மடங்குக்கும் மேலானோர் இருந்திருக்கிறார்கள். தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களில் பாதிக்கு மேல் போதைப்பொருள் வழக்குகளில் போகிறவர்கள். இடிபட்டுக் கிடந்த சிறைகளில் கொரோனா புகுந்தபோது, 2020 நவம்பர் 29இல் மஹரவில் கலவரம் வெடித்து 11 கைதிகள் செத்தார்கள். அப்படி நிரம்பியிருந்த சிறைக்குத்தான் 2023 டிசம்பர் 17இல் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கை மேலும் ஆட்களை அனுப்பியது. ஒரு மாதத்துக்குள் கைதானோர் 29,000க்கு மேல் என்று ஐ.நா. நிபுணர்கள் குறிப்பிட்டு, அதை உடனே நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு கேட்டார்கள். இருபத்தொன்பதாயிரம் பெரிய வியாபாரிகள் இந்தச் சின்னத் தீவில் எங்கே இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிடிபட்டவர்களில் பெரும்பாலானோர் பாவிக்கிற பையன்களும், பாவிப்பதற்குக் காசு தேடிப் பத்துப் பக்கட் கைமாற்றுகிற பையன்களும் என்பது ஊரில் இருக்கிற எவருக்கும் தெரிந்த கதை.

பாவிப்பவருக்குச் சிகிச்சை கொடுக்கவும் சட்டம் உண்டு. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம். சுயமாகவும் போகலாம், நீதிமன்றமும் கட்டாயமாக அனுப்பலாம். நமக்குக் கிட்டிய பெயர்பெற்ற நிலையம் வெலிக்கந்தைப் பக்கம் மகாவலிக் கரையில் உள்ள கந்தக்காடு. வெருகல் ஆறு அதே மகாவலியின் கிளைதான், தண்ணீர் வந்து சேருகிற அளவுக்கு நம்பிக்கை வந்து சேரவில்லை. 2022 ஜூன் கடைசியில் அங்கே ஓர் இளைஞர் இறந்து, அதைத் தொடர்ந்த குழப்பத்தில் நூற்றுக்கணக்கானோர் வேலி தாண்டி ஓடினார்கள். மரணம் தொடர்பில் அங்கு கடமையிலிருந்த படையினர் சிலர் கைது செய்யப்பட்டார்கள். மகனை மருந்துக்கு அனுப்புகிறோமா, இன்னொரு மறியலுக்கு அனுப்புகிறோமா என்று பெற்றோர் யோசிப்பது இதனால்தான்.

நம்மிடையே இந்தப் பேச்சு வந்தால் உடனே வருகிற கேள்வி, "மார்க்கம் என்ன சொல்லுது?" என்பது. போதை ஹராம் என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. கஞ்சா முஸ்லிம் உலகில் பரவியபோது உலமாக்கள் மதுவோடு ஒப்பிட்டுக் கியாஸ் செய்து அதைத் தடுத்தார்கள். ஹிஜ்ரி 794இல் வபாத்தான இமாம் ஸர்கஷீ அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஹராம் என்பதும் அதற்கு என்ன தண்டனை என்பதும் ஃபிக்ஹில் இரண்டு கேள்விகள். போதைப்பொருள் வியாபாரத்துக்கு குர்ஆனில் நேரடியாகத் தண்டனை சொல்லப்படவில்லை. ஆகவே அது தஃஸீர் வகைக்குள் வருகிறது. குற்றத்தையும், செய்தவனையும், அவன் நிலையையும், அதனால் வந்த கேட்டையும் பார்த்து நீதிபதி தீர்மானிக்கிற தண்டனை அது. தஃஸீரின் உயிரே நீதிபதியின் தற்றுணிபுதான். தற்றுணிபைப் பிடுங்கி அட்டவணையில் பூட்டி வைக்கிற முறையை மார்க்கத்தின் பெயரால் ஆதரிப்பது எப்படி என்று விளங்கவில்லை.

"சவூதியில தலைய வெட்டுறாங்கதானே" என்பது அடுத்த வாதம். வெட்டுகிறார்கள், உண்மை. சில காலம் நிறுத்தி வைத்திருந்து 2022 நவம்பரில் மறுபடி தொடங்கினார்கள். ஆனால் அதற்கு அடிப்படையாகச் சொல்லப்படும் 1987ஆம் ஆண்டின் மூத்த உலமாக்கள் சபைத் தீர்மானத்தை எடுத்துப் பார்த்தால், நாட்டுக்குள் கொண்டுவருகிற கடத்தல்காரன் வேறு, உள்ளே விநியோகிக்கிறவன் வேறு, அவனிலும் முதல் தடவை வேறு, திரும்பத் திரும்பச் செய்வது வேறு என்று அது பிரிக்கிறது. அந்தத் தீர்மானத்தை நான் ஏற்கச் சொல்லவில்லை. கடுமைக்கு உதாரணமாகக் காட்டப்படும் அதில்கூட இருக்கிற படித்தரம் நம் சட்டத்தில் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

பாவிப்பவன் விஷயத்தில் சுன்னாவும் தெளிவாக இருக்கிறது. நபி (ஸல்) அவர்களிடம் குடித்ததற்காக அடிக்கடி கொண்டுவரப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறவர் என்று தடுத்ததை புகாரியில் காண்கிறோம். அடி விழுந்தது, ஆனால் ஆள் சமூகத்துக்கு வெளியே தள்ளப்படவில்லை. உமர் (ரழி) காலத்தில் அந்த அடி நாற்பதிலிருந்து எண்பதானது ஸஹாபாக்களிடம் ஆலோசித்த பிறகு. தண்டனையின் அளவு காலத்தைப் பார்த்து, கலந்து பேசி மாற்றப்படக்கூடியது என்பதற்கு இதைவிடப் பழைய முன்மாதிரி தேவையில்லை.

நம் காலத்திலும் மாற்றியிருக்கிறார்கள், முஸ்லிம் நாடுகளே முன்னுக்கு நிற்கின்றன. ஈரான் நெடுங்காலம் போதைப்பொருளுக்காக வருடம் நூற்றுக்கணக்கானோரைத் தூக்கிலிட்ட நாடு. 2017இல் அதன் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மரண தண்டனைக்குரிய ஹெரோயின் எல்லையை 30 கிராமிலிருந்து 2 கிலோவுக்கு உயர்த்தியது. பிற்பாடு அங்கே தூக்குகள் மறுபடி கூடியது வேறு கதை. பாகிஸ்தான் 2023இல் போதைப்பொருள் சட்டத்திலிருந்து மரண தண்டனையை எடுத்தே விட்டது. மலேசியாவில் அதே 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை என்பது இல்லை. நீதிபதி வேறு தண்டனை கொடுக்கலாம், ஏற்கெனவே தூக்குத் தீர்ப்புப் பெற்றவர்களின் வழக்குகளையும் பெடரல் நீதிமன்றம் திரும்பப் பார்த்தது. பக்கத்துச் சிங்கப்பூர் மாறவில்லை. 2022 ஏப்ரல் 27இல் அங்கே தூக்கிலிடப்பட்டவர், 42.72 கிராம் ஹெரோயினோடு பிடிபட்ட, அறிவு வளர்ச்சி குறைந்தவர் என்று வாதிடப்பட்ட ஒரு மலேசியத் தமிழ் இளைஞர்.

நமக்கு மிகவும் பயன்படக்கூடிய ஒப்பீடு பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் தொடக்கத்தில் பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது பத்தாண்டு என்று கண்ணை மூடிக் கொண்டு அடித்தது. சிறைகள் சில்லறை ஆட்களால் நிரம்பின. 2001இல் திருத்தி மூன்று படி வைத்தார்கள்: சிறிய அளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு. ஹெரோயினுக்குச் சிறிய அளவு 5 கிராம் வரை, தண்டனை இன்று அதிகபட்சம் ஓராண்டு. 250 கிராமுக்கு மேல் வணிக அளவு, பத்திலிருந்து இருபதாண்டு. இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை, எவ்வளவு என்பது நீதிபதி கையில். சிகிச்சைக்குத் தானாக முன்வருகிற அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்கும் உண்டு. திரும்பத் திரும்பச் செய்பவருக்கான கட்டாய மரண தண்டனையை 2011இல் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, 2014இல் பாராளுமன்றம் கட்டாயத்தை எடுத்தது. ஒன்றில் மட்டும் அவர்கள் நம்மைவிடக் கடுமை: 2020இல் இந்திய உச்ச நீதிமன்றம், கலப்படத்தையும் சேர்த்து மொத்த நிறையைத்தான் பார்க்க வேண்டும் என்று தீர்த்தது. அப்படிப் பார்த்தும்கூட, நான்கு கிராம் தூளோடு வேதாரணியத்தில் பிடிபடுகிறவருக்கு உச்சம் ஒரு வருடம். அதே தூள் சுத்தமானதாக இருந்து, கடலைக் கடந்து இந்தக் கரையில் பிடிபட்டால் ஆயுள் அல்லது தூக்கு.

நம் நாட்டில் இதற்கு அத்திவாரம் இல்லாமலும் இல்லை. 2008இல் ஒரு பாலியல் குற்ற வழக்கில் எழுந்த கேள்விக்கு, சட்டம் குறைந்தபட்சத் தண்டனை என்று எழுதியிருப்பது மேல் நீதிமன்ற நீதிபதியின் தற்றுணிபைக் கட்டிப்போட முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை உத்தரவு கொடுக்க வழி வைத்திருக்கிறது. செய்ய வேண்டியது, இந்த வாசலைப் போதைப்பொருள் அட்டவணைக்கும் திறப்பது. வைத்திருத்தலைக் கடத்தலிலிருந்து பிரிக்க வேண்டும். 2 கிராமுக்கும் 294 கிலோவுக்கும் இடையில் படிகள் வேண்டும், படிக்குள் நீதிபதி நடமாட இடம் வேண்டும். பகுப்பாய்வு அறிக்கைக்குச் சட்டத்தில் ஒரு காலக்கெடு வேண்டும், கிழக்கு மாகாணத்துக்கு என்று ஓர் ஆய்வுகூடம் வந்தால் அதுவே பாதிப் பேரின் மறியலைக் குறைக்கும். சிகிச்சையைப் படையினரிடமிருந்து எடுத்துச் சுகாதார அமைச்சின் கையில் வைக்க வேண்டும். வியாபாரி தப்பிவிடுவான் என்று பயப்படுவோருக்கு: பெரிய வியாபாரி இரண்டு கிராமைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு வெருகல் பஸ்ஸில் வரமாட்டான். அவனைப் பிடிக்க வங்கிக் கணக்கும் காணி உறுதியும் பார்க்க வேண்டும்.

நம் ஜமாஅத்துகளும் தங்களிடமுள்ள அட்டவணையை ஒரு தரம் எடுத்துப் பார்க்கலாம். போதையோடு தொடர்புபட்டவர் வீட்டு நிகாஹுக்கும் ஜனாஸாவுக்கும் போக மாட்டோம் என்று சில ஊர்களில் அறிவித்தல் போடுகிறார்கள். விற்கிறவனுக்கு அது உறைக்கட்டும், நியாயம். பாவிக்கிற மகனை வைத்துக்கொண்டு அழுகிற வீட்டுக்கும் அதே அறிவித்தல் என்றால், அரசாங்கம் செய்வதைத்தான் நாமும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் செய்கிறோம்.

சட்டம் மாறும்வரை பிடிபட்ட பிள்ளையின் குடும்பம் செய்யக்கூடியது கொஞ்சம்தான், என்றாலும் அதைச் செய்யாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். கைதான அன்றே எந்தப் பொலிஸ் நிலையம், எந்தப் பிரிவில் குற்றச்சாட்டு, பொலிஸ் சொல்லுகிற நிறை எவ்வளவு என்று கேட்டு எழுதி வையுங்கள். நீதவான் நீதிமன்ற வழக்கிலக்கத்தைத் தொலைக்க வேண்டாம், பின்னால் எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. ஒவ்வொரு தவணையிலும் பகுப்பாய்வாளர் அறிக்கை வந்துவிட்டதா என்று சட்டத்தரணி மூலம் கேளுங்கள். அறிக்கையில் வருகிற சுத்த நிறைதான் எந்த நீதிமன்றத்தில் பிணை கேட்பது என்பதையே தீர்மானிக்கிறது. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்குப் போகலாம். வருமானத்துக்கு கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம், அடையாள அட்டை, வழக்கிலக்கம், இவற்றைக் கையோடு கொண்டு போங்கள். தோட்டை அடைவு வைப்பதற்கு முன்னர் அங்கே ஒரு முறை போய்விட்டு வாருங்கள்.